ஆறாம் கட்டம்

ராஸ் லஃபான், ஜூலை.
ஏசி கேபினில் நாற்பத்து மூன்று ஸ்லைடு.
தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்று
ஜோஸ்மோன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினோம்.
ஆட்டியது அந்தக் குளிருக்கும்
கடைசியில் தரும் மாம்பழ ஜூஸுக்கும்.
"என்னடா சொன்னாரு?" என்றான்
பிந்தி வந்த இருதயராஜ்.
"நல்லாச் சொன்னாரு. புது வாட்ச் கட்டியிருக்காரு."

பிறகு போஸ்டர் வந்தது, கழிப்பறைச் சுவருக்கு.
மஞ்சளில் எட்டுக் கட்டம், நாலு மொழி.
தமிழில் மட்டும் எழுத்து புரண்டு
"உங்கள் சிறுநரியின் நிறம் என்ன?"
சிரிக்கப் போய் முழுசாகப் படித்தோம்.
படித்தும் ஒன்றும் ஆகவில்லை.
குடித்தால் இறங்கணும், எண்பத்தாறு படி.
ஃபோர்மேன் முறைப்பான்.
அந்தக் கணக்கு எந்த ஸ்லைடிலும் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை
தனியாக நிற்கிறேன்.
சுவரில் ஆறாம் கட்டம்.
அதே நிறம்
என்னிடமிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறது.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
மறுத்துப் பேச
ஆளே இல்லை எதிரில்.

இப்போது பாட்டிலோடு ஏறுகிறேன்,
முறைக்க முறைக்க இறங்குகிறேன்.
இருதயராஜுக்கும் சொன்னேன்,
கிட்னி, கல்லு, ஊரில் ஆகும் செலவு,
ஒன்று விடாமல்.
தலையாட்டிக்கொண்டே கேட்டான்.
முடித்ததும்
பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்:
"மூடி நல்லாருக்கே.
எங்க வாங்கின?"