வாலும் பொட்டும்

ஊர்ப் பெயரே மெய்யெழுத்தில் தொடங்குகிறது.
க்டான்ஸ்க்.
மெய்யில் தொடங்காது தமிழ்ச்சொல் என்று
எட்டாம் வகுப்பில் பிரம்படியோடு படித்தவன்,
லோடு பலகையில் சாக்பீஸால்
மூன்று முறை எழுதி அழித்தேன்.
கம்பெனியில் எல்லோருக்கும் அது ‘கடான்சு’.
கடன் மாதிரிக் காதில் விழுந்தது எனக்கு மட்டும்தான்.

சிந்தாமணி ரோட்டில் எங்கள் அப்பளக் கம்பெனி.
துபாய்க்கும் கிள்ளானுக்கும் அனுப்பிவிட்டு
ஏற்றுமதி என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.
அங்கே வாங்குகிறவரும் நம்மவர்,
சாம்பாரோடு தின்றுவிட்டுக் குறை சொல்கிறவரும் நம்மவர்.
இந்த முறை
அப்பளத்தை வாழ்நாளில் பார்த்திராத ஊர்.

முதலில் பிரண்டை மாட்டியது.
‘தொண்ணூற்றேழு மே மாதத்துக்கு முன்பு
இந்தச் செடியை எங்கள் கண்டத்தில்
யாராவது தின்றதற்குச் சான்று உண்டா?
இல்லையெனில் இது புதிய உணவு.’
கம்பெனி வேலியிலேயே படர்ந்து கிடக்கிறது,
வெட்ட வெட்டத் துளிர்க்கும் எமகாதகச் செடி.
“அதுக்கும் ஆதார் கேக்குறாய்ங்க” என்றான்
மச்சினன் முத்திருளாண்டி.
சாற்றை நிறுத்தினோம்.
மாவு சொன்னபடி கேட்கவில்லை;
நாலு நாள் அப்பளம் ஓரத்தில் வெடித்தது.
உளுந்து விலை ஏறியதும் அதே வாரம்தான்.

பிறகு லேபிள்.
திருநகர் ஞானதுரை சார் மகன் ரெக்ஸன்
அங்கே இன்ஜினியரிங் படிக்கிறான்.
ராத்திரி ஒன்றரைக்கு வாட்ஸ்அப்பில் அலறினான்:
அங்கிள், மாவுக்கு வால் எங்கே?
அவர்கள் மொழியில் மாவு என்ற சொல்லில்
ஓர் ‘ஏ’வுக்கு அடியில் சின்ன வால் உண்டு.
சிவகாசி அச்சகத்தில் அதைத்
தூசி என்று துடைத்திருக்கிறார்கள்.
வால் போனால் மாவு கசகசா ஆகிவிடுமாம்.
பதினேழாயிரம் பாக்கெட்.
வெள்ளிக்கிழமை தூத்துக்குடியில் கப்பல்.

பதினோரு பெண்கள், கறுப்பு மார்க்கர், மூன்று நாள்.
மெர்சி எறும்பு மீசை கணக்காக நுணுக்கிப் போட்டாள்.
மின்னல்கொடி போட்டதெல்லாம் பல்லி வால்,
அதட்டினால் கழன்று விழுந்துவிடும் போல.
“ஒரு வாலுக்கு எவ்வளவுண்ணே கூலி?”
சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.
நாலணாவில் தொடங்கிய பேச்சு எட்டணாவில் முடிந்தது.
அந்த எட்டாயிரத்து ஐந்நூறை
எந்தத் தலைப்பில் எழுதுவது என்று
ஆடிட்டர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஐம்பத்திரண்டு நாள் கடலில்.
யூரோ இறங்கியது, கப்பல் வாடகை ஏறியது,
டவுன்ஹால் ரோடு பேங்கில் மேனேஜர் மாறினார்,
புதியவருக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன்.
பெட்டி இறங்கியது. வால்கள் செல்லுபடியாயின.
கடையில் அடுக்கிய படம்கூட அனுப்பினார்கள்,
பிஸ்கட்டுக்கும் சூப் கட்டிக்கும் நடுவில் நாங்கள்.
அன்றைக்குக் கம்பெனியில் எல்லோருக்கும் பருத்திப்பால்.

மறு வாரம் கடிதம். ரொம்ப மரியாதையான கடிதம்.
‘தங்கள் வட்டத் தகடுகள்
மிகக் கடினமாகவும் உப்பாகவும் உள்ளன.
ஒருவருக்கு ஈறு கிழிந்திருக்கிறது.’

பச்சையாகத் தின்றிருக்கிறார்கள்.

பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
எடை. சோடியம். கொழுப்பு.
ஈரம் படாமல் வைக்கவும். கடலை கலந்திருக்கலாம்.
வால்.
பொரித்துத் தின்னவும் என்று எங்கேயும் இல்லை.
அதை யார் எழுதுவார்கள்?
வாயால் தின்னவும் என்றா எழுதுகிறோம்?

பொரி என்பதற்கு அங்கே என்னப்பா சொல், என்றேன்.
ரெக்ஸன் அனுப்பினான். ஆறே எழுத்து.
இரண்டாவது பெட்டிக்கான பாக்கெட்டுகள்
கோடவுனில் ஆளுயரத்துக்கு நிற்கின்றன.
அவற்றில் ஒட்ட ஸ்டிக்கர் வந்து இறங்கியபோது
மின்னல்கொடி எட்டிப் பார்த்தாள்.
“இதுல எங்கண்ணே வாலு?”
வால் இல்லை. நாலாவது எழுத்துக்குத் தலையில் ஒரு புள்ளி,
கடைசி எழுத்துக்கு ஒரு கீற்று.
இரண்டையும் துடைத்துத்தான் அனுப்பியிருக்கிறான்
சிவகாசிக்காரன்.

மார்க்கர் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தாள்.
“பொட்டுன்னா எட்டணா கட்டாதுண்ணே.
ஒரு ரூவா.”