உறவுமுறை: மேல் கட்டில்

படிவத்தின் மூன்றாம் பக்கத்தில்
'வீட்டில் உடனிருந்து கவனிப்பவர்' என்ற இடத்துக்கு
என் பெயரைச் சொன்னான் தங்கப்பழம்.
உறவுமுறை? என்றாள் நர்ஸ் மாரிசெல்.
மேல் கட்டில் என்றான்.
அவள் சிரிக்கவில்லை.
அப்படியே எழுதிக்கொண்டாள்.

அதுவரை வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரி எந்திரம்.
மூன்று நாள் சம்பளம் போச்சு,
மூன்று டாக்சி,
மூன்று முறை போர்மேனின் முகம்.
டிக்கெட் போடவா, ஊருக்குப் போறியா என்று
கம்பெனி அன்பாகவே கேட்டது.
ஊரில் எந்திரத்துக்கு எண்பது கிலோமீட்டர்.

வயிற்றில் குழாய் வைத்து
வீட்டிலேயே செய்துகொள்ளலாமாம்,
நாளைக்கு நாலு தரம்.
வீடு இருந்தால்.

சல்மாபாத், பதினோராம் அறை.
கட்டில் நான்கு, ஆள் எட்டு.
வீட்டைப் பார்க்க வருகிறாள் என்ற அன்று
வீடு எங்கே என்று நாங்களும் தேடினோம்.
எர்ரய்யா பினாயில் ஊற்றித் தரையைக் கழுவினான்.
ரொகிப் தன் மீன்சட்டியை
மொட்டைமாடிக்கு நாடுகடத்தினான்.
தில் பகதூர்
ஏ.சி.யின் மூக்கைப் பல்துலக்கும் பிரஷால் தேய்த்தான்.

டேப் பிடித்து அளந்தாள்.
தனியறை இல்லை.
நாற்பது பேருக்கு மூன்று குழாய்.
'தகுதி இல்லை' என்ற கட்டத்தின் மேல்
பேனா நின்றது.
பிறகு ஒன்று கேட்டாள்:
பை மாற்றும் அரைமணியும்
காற்று அசையக் கூடாது,
ஏ.சி.யை நிறுத்துவீர்களா?
ஆகஸ்டிலும்?

ஆகஸ்ட் என்றதும்
யாருக்கும் வாய் வரவில்லை.
ரொகிப் எழுந்துபோய் சுவிட்சை அணைத்தான்.
வேர்க்கத் தொடங்கியது.
அவளுக்கும்தான்.
அரைமணியும் உட்கார்ந்திருந்தாள்,
கழுத்தைத் துடைக்காமல்.
பிறகு வேறு கட்டத்தில் கோடு போட்டாள்.

பெட்டி பெட்டியாய் வந்தது தண்ணீர்.
கீழ்க் கட்டிலுக்கு அடியில், செருப்புக்குப் பதிலாக.
என் கட்டில் கம்பியில் ஒரு எஸ் கொக்கி,
அதில் இரண்டு லிட்டர் பை.
நான் புரண்டால் அது ஆடும்;
புரளாமல் தூங்கப் படித்தேன்.

செய்முறைத் தாள் ஐந்து மொழியில் இருந்தது.
தமிழ் இல்லை.
மாரிசெல் தனக்குத் தெரிந்த இந்தியில் சொல்ல
எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டு
போனில் தமிழில் பதிந்தேன்:
கையைக் கழுவு. முழங்கை வரை.
மாஸ்க் போடு. பேசாதே.
மூடியைத் தரையில் வைக்காதே, அண்ணே, சத்தியமா வைக்காதே.
வெளியே வந்த தண்ணிக்குப் பின்னால்
அச்சடித்த தாளைப் பிடி.
எழுத்து தெரிஞ்சா நல்லது.
மங்கினா உடனே போன்.

எங்களிடம் இருந்த அச்சு
தினசரிக் காலண்டர்தான்.
வெளிர்மஞ்சள் பைக்குப் பின்னால்
தினமும் அவன் ராசியைப் படித்தோம்.
மிதுனம்: செலவு.
மிதுனம்: பகை.
மிதுனம்: ஓய்வு.
தெரிகிறதா?
தெரியுது.
பகை என்று தெளிவாகத் தெரிந்த நாளில்
எங்களுக்கு அத்தனை சந்தோஷம்.

எல்லா நாளும் அப்படி இல்லை.
ஜூலையில் ஒரு ராத்திரி
உன் வயித்துக்கு நான் ஏன் வேகணும் என்று
தெலுங்கில் கத்திவிட்டு எர்ரய்யா
பாயைச் சுருட்டி வராந்தாவுக்குப் போனான்.
போகும்போது கதவை
மெல்லச் சாத்தினான்,
தூசி வந்துவிடக் கூடாதாம்.

தங்கப்பழம் இப்போது டூல் ரூமில்.
ஸ்பானர் எண்ணிக் கொடுக்கிறான்.

என் குரல் எங்கெங்கோ போயிருக்கிறது.
நேற்று இரண்டு மணிக்கு
தெரியாத நம்பர்.
கிசுகிசுத்தான், பக்கத்தில் ஆள் தூங்குகிறதுபோல.
அண்ணே, நீங்கதானே பேசினது?
தண்ணி வந்திருக்கு. பார்க்கத் தெரியலை.
பின்னால எழுத்தைப் பிடி தம்பி.
என்ன எழுத்து?
எதுவானாலும். எதுவும் இல்லையா?
அரிசி மூட்டை இருக்கு.
அதைப் பிடி.

நீண்ட நேரம் மூச்சு மட்டும்.

எனக்குப் படிக்கத் தெரியாதுண்ணே,
ஆனா
எறும்பு எறும்பா தெரியுது.