மண்டையப்பம்

நாகர்கோவிலில் ஒரு ஸ்கேன் சென்டர்.
தலைகளைத் துண்டு துண்டாகப் படம் பிடிப்பது
அங்கே என் வேலை.
கம்மலும் தாலியும் கழற்றிக் கவரில் போட்டு,
மேலே பெயர் எழுதி,
காதில் பஞ்சு வைத்து,
"அனங்காம கிடக்கணும்" என்று சொல்லிக்
குழாய்க்குள் தள்ளுவேன்.
நாளொன்றுக்குப் பதினான்கு தலை.

ரெத்தினபாய், வயது நாற்பத்தாறு,
வில்லுக்குறி, அண்டி ஆபீஸ்.
மூன்று வருடமாக வலப்பக்கம் மண்டையிடி.
படத்தில் ஒன்றுமில்லை.
அதைச் சொன்னதும்
பொய்க்காரி என்று நான் திட்டியதுபோல் பார்த்தாள்.
"அப்ப இடிக்கது எனக்க தலை இல்லியா?"

மாசிக் கொடையில்
மண்டைக்காட்டு மணலில் மறுபடி பார்த்தேன்.
மூன்று கல், ஒரு பானை, எரிய மறுக்கும் மடல்.
கடல்காற்றுக்கு முதுகைக் கொடுத்து
மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.
வறுத்த பச்சரிசி மாவு, சர்க்கரைப் பாகு,
சிறுபயறு, ஏலம், சுக்கு கொஞ்சம் கூடுதலாக.
விரல்நுனிகளில் அண்டிப்பால் தின்ற கறுப்பு.

உருட்டினாள். கட்டைவிரலால்
இரண்டு குழி: கண்.
கிள்ளி இழுத்தது மூக்கு.
காதை மறந்து, ஆவிக்குப் போகுமுன்
அவசரமாக ஒட்டினாள்.
பிறகு வலது நெற்றியில் ஒரு விரலை
நெடுநேரம் அழுத்திவைத்திருந்தாள்.
"இவ்விடந்தான்."
என் மிஷின் காட்டாத இடம்.

இது எப்படி வந்தது என்று கேட்டுவிட்டேன்.
இலை விற்கிறவர் சொன்னார்:
ஆடு மேய்த்த பிள்ளைகளின் கால் இடறி
புற்று உடைந்து ரத்தம் வந்தது;
முதலில் மண்டை உடைந்தது அவளுக்குத்தான்,
வலி தெரிந்தவளிடம்தானே வலியைச் சொல்லமுடியும்.
பக்கத்து அடுப்புக்காரி அதை ஒப்பவில்லை:
"ஆடு மேஞ்ச இடம், மந்தைக்காடு.
பேரு பொறவுதான் மாறிச்சு."

எனக்கு அதுதான் பிடித்திருந்தது.
எவரோ ஒருவர் நாக்கு வழுக்கி
மந்தை மண்டையாகி,
மண்டை என்று ஆனபின்
அதற்கொரு அப்பம் வேண்டும் என்று
யாரோ ஒருத்தி
அரிசியை நனைத்துவிட்டாளோ.

படைத்து வந்து
தலையை இரண்டாகப் பிட்டாள்.
ஆவி பறக்கும் குறுக்குவெட்டு,
தவிட்டு நிறம், அங்கங்கே பயறு.
ரிப்போர்ட் எழுதக் கை பரபரத்தது.
பள்ளம் விழுந்த பாதியை
என் கையில் வைத்தாள்.
தின்னலாமா என்று ஒருகணம் யோசித்தேன்.
பசி. தின்றேன்.
சுக்கு கண்ணுக்குப் பின்னால்வரை ஏறியது.

"இடி விட்டுச்சா?"
"இன்னைக்கு இல்ல.
நாளைக்கு அண்டி ஆபீசு உண்டும்லா."

திங்கள் காலை முதல் தலை:
பத்தாம் வகுப்புப் பையன், பயந்த கண்.
மிஷின் டக் டக் என்று இடிக்கத் தொடங்குகிறது.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்,
கடைவாயில் மாட்டிக்கொண்ட ஒரு பயறை
நாக்கால் துழாவிக்கொண்டு.