பன்னிரண்டு அடி

அருளானந்தம் மூர்ஹெட்டிலிருந்து கூப்பிட்டான்.
அங்கே இன்னும் விடியவில்லை,
ஆஸ்பத்திரி ஷிஃப்டுக்கு ஷூ மாட்டிக்கொண்டே பேசுகிறான்.
"ஒரே ஆறு, மச்சான்.
பாலத்துக்கு இந்தப் பக்கம் மினசோட்டா, அந்தப் பக்கம் டகோட்டா.
அதே பனி, அதே பீட்ரூட் வயல்.
வெள்ளம் வந்தால் ரெண்டு கரையும் சேர்ந்து
மணல் மூட்டை அடுக்கும்.
ஓட்டு மட்டும் எப்படிப்பா
பாலத்தின் நடுவில் திரும்பிக்கொள்ளுது?"

மணல் இருக்கிறவர்கள் கேட்கிற கேள்வி, என்றேன்.
பாலாற்றைத் தினமும் ரயிலில் தாண்டுகிறவன் நான்.

பிறகு குடியாத்தம் சொன்னேன்.
ஏப்ரல் வெயில். நகராட்சிப் பள்ளி.
நான்காம் வகுப்பு அ பிரிவு, வாக்குச்சாவடி நூற்றுப் பன்னிரண்டு;
ஆ பிரிவு, நூற்றுப் பதின்மூன்று.
நடுவே ஒரு சுவர், சுவரில் பெருக்கல் வாய்ப்பாடு.
எனக்கு மை வைக்கிற வேலை.
தெருவின் இடது வரிசை என் அறைக்கு,
வலது வரிசை அடுத்த அறைக்கு.
தெரு அகலம் பன்னிரண்டு அடி.
இரண்டு பக்கமும் அதே விசைத்தறிச் சத்தம்,
அதே மாரியம்மனுக்கு அதே வரி,
பாதிப் பேர் சம்பந்திகள்.

எண்ணி முடித்தபோது
இங்கே நானூற்றுப் பன்னிரண்டுக்கு நூற்றெண்பது,
அங்கே அப்படியே தலைகீழ்.

ஏன்?
மோர் குடித்துக்கொண்டே ஏஜென்ட் ஏகாம்பரம் சொன்னது:
சாக்கடை வெட்டிய வருஷம்
வாட்டம் வலது பக்கம் இருந்தது.
இடது பக்கத்துக்கு மூடி போட்ட கால்வாய்,
வலது பக்கத்துக்குக் கொசு.
அடுத்த கட்சி ஏஜென்ட் நூருல்லா சிரித்தார்:
"அதெல்லாம் இல்லை பாய்.
துளசிங்கம் செத்தப்போ
ராத்திரி ரெண்டு மணிக்கு ஐஸ் பெட்டி அனுப்பினது யாரு?
அதைப் பேசு."
துளசிங்கம் செத்து இருபத்தேழு வருஷம்.
பெட்டி இன்னும் குளிர்ந்துகொண்டிருக்கிறது.

இதெல்லாம் காரணமா,
நேர்ந்த பிறகு தேடிப்பிடித்த காரணமா,
எனக்குத் தெரியாது.

ஒன்று மட்டும் பார்த்தேன்.
பதினொரு மணிக்கு ஒரு பெண் என் வரிசையில் நின்றாள்.
ரேவதி. பட்டியலில் பெயர் இல்லை.
"கட்டிக்கொடுத்துட்டாங்க சார், எதிர் வீட்டுக்கு.
பேரை அங்கே மாத்திட்டாங்க போல."
பக்கத்து அறைக்குப் போகச் சொன்னேன்.
போகுமுன் எங்கள் அட்டை மறைப்பைத் திரும்பிப் பார்த்தாள்,
பிறந்த வீட்டு வாசலைப் பார்ப்பதுபோல.

சுவருக்கு அப்பால் காது வைத்திருந்தேன்.
வழக்கமாக நாலு நொடியில் பீப் வரும்.
இந்த முறை,
பத்து, பதினைந்து...
மின்விசிறி ஒரு முழுச் சுற்று யோசித்ததுபோல் இருந்தது.
பிறகு பீப்.
எல்லா பீப்பும் ஒரே மாதிரிதான்.

"சரி, நீ எந்தக் கரைக்குப் போட்டாய்?" என்று கேட்டேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
கார் கதவு சாத்துகிற சத்தம்.
"எனக்கு இங்கே ஓட்டு கிடையாது, மச்சான்.
அங்கே போன வருஷமே பேரை நீக்கிட்டாங்க.
சும்மா, பாலத்தைத் தாண்டும்போதெல்லாம்
தோணும்."