பொத்தான்

மூன்று நாளாகவே கால்விரிப்பில் நீலத் துகள்கள்.
பையன் தின்ற மிட்டாய் என்று உதறிவிட்டேன்.

சக்காவோ நீரிணை, படகுத்துறை, மழை.
பின்சீட்டில் விதை உருளைக்கிழங்கு நாலு மூட்டை,
எனக்குப் பின்னால் பதினான்கு வண்டிகள்.
கிளட்சைத் தரை தொட மிதித்துச் சாவியைத் திருப்புகிறேன்:
விளக்கு எரிகிறது, வானொலி மீன் விலை சொல்கிறது,
ஸ்டார்ட்டர் மட்டும் வாய் திறக்கவில்லை.
மறுபடி மிதித்தேன். இரண்டு காலாலும்.
நீ மிதிக்கவே இல்லை என்கிறது வண்டி.

ஆரஞ்சு மழைக்கோட்டு நிபால்தோ
ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை நுழைத்தான்,
கால் இரண்டும் மழையில்.
"சென்யோரா, இங்கே ஒரு சுவிட்ச் இருக்கிறது,
அதற்குப் பட்டாணி அளவு மூக்கு.
பெடல் முழுக்க இறங்கினால்தான் மூக்கு அமுங்கும்,
அமுங்கினால்தான் ஸ்டார்ட்டருக்கு உத்தரவு போகும்.
அமுக்குவதற்கென்றே பெடல் தண்டில்
ஒரு ரப்பர் குமிழ் செருகியிருப்பார்கள்.
அது உதிர்ந்துவிட்டது. வெறும் ஓட்டை.
மூக்கு அதற்குள் போய்க் காற்றைத் தொட்டுவிட்டு வருகிறது."

நீலத் துகள்கள்.
தினம் ஒரு சிட்டிகையாக நான்தான் கொட்டினேன்.

லாரிக்கார ஒயார்சூன் இறங்கி வந்தார்:
"ஒயரை வெட்டு, ரெண்டையும் முறுக்கு, ஆச்சு!"
நிபால்தோ கேட்கவில்லை.
படகில் எல்லாரும் கியரில் போட்டுத்தானே நிறுத்துகிறார்கள்;
போன குளிர்காலம் அப்படி முறுக்கிய பிக்கப் ஒன்று
சாவி திரும்பியதும் தவளையாய் எம்பி
ரொட்டி வண்டியின் பின்கதவைத் தின்றதாம்.
"கால் இருக்கிறதா என்று கேட்கிற வண்டியை
வாயடைக்கச் சொல்கிறீர்களே."

பிறகு தன் கோட்டின் மேல் பொத்தானைப் பிய்த்தான்.
அதன் காம்பு ஓட்டையில் கச்சிதமாய் உட்கார்ந்தது.
மேலே ஒரு சுற்று டேப்.

அரைமணிக் கடப்பு. எஞ்சினை அணைத்து
நானும் கியரில்.
கடற்சிங்கம் ஒன்று கூடவே வந்ததாம், எல்லோரும் சொன்னார்கள்;
நான் என் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
கரை.
மிதித்தேன். கீழே எங்கோ ஒரு சின்ன 'டிக்',
அதற்கப்புறம்தான் எஞ்சின்.

அங்குட் பட்டறையில் புது ரப்பர் ஒரு காப்பி விலைதான்.
நாளைக்கு என்று சொல்லி எட்டு மாதம் ஆயிற்று.
நிபால்தோ கழுத்தருகே கோட்டைச்
செம்புக்கம்பியால் முடிந்திருக்கிறான்.
ஒருமுறை பொத்தான் வாங்கிப்போய்க் கொடுத்தேன், பச்சை நிறம்.
பார்த்தான், சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்,
"அடுத்த வண்டி!" என்று கத்தினான்.