பிஸ்கட் டின்

கொம்தாரில் பேரம் பேசி வாங்கிய பழைய சிப்.
முதுகில் பொடி எழுத்தில் ‘மலேசியா’.
பாயான் லெப்பாஸ் இரவு ஷிப்டில்
நானே சோதித்து அனுப்பியதாகவும் இருக்கலாம்.
அன்று இதன் விலை எனக்குத் தெரியாது.

ரெலாவ், பதினோராவது மாடி.
நோன்புப் பெருநாளுக்கு வந்த பிஸ்கட் டின்னில்
விசிறிக்கு வட்டம் அறுக்கிறேன்.
கீழ்வீட்டு லிம் துடைப்பக் கட்டையால்
என் தரையைத் தட்டுகிறார்.
மணி பன்னிரண்டு.
சரி, இனி அரம் போதும்.

நாளை பத்து மணிக்குக் கூட்டம்.
அழைப்பில் தலைப்பு இல்லை,
மனிதவளத்துறை மட்டும் இருக்கிறது.
போன வாரம் இப்படிப் போன யோகமலர்
மேசைச் செடியை என்னிடம் விட்டுப் போனாள்.

தகரம் விரலைக் கிழிக்கிறது.
ரத்தத்தைச் சப்பியபடி பொத்தானை அழுத்துகிறேன்.
விசிறி சுற்றுகிறது.
டின்னில் ஒட்டியிருந்த சர்க்கரைத் தூள்
முகமெல்லாம்.