காலி மேடை

வெள்ளகோவில் ரோட்டில் இருக்கிறது எங்கள் எடைமேடை.
அறுபது டன் தாங்கும்.
கொப்பரை, மக்காச்சோளம், கோழித்தீவனம்,
கரூருக்குப் போகிற நூல் மூட்டை,
எது ஏறினாலும் ஜன்னலுக்கு இந்தப் பக்கம்
எனக்கு அது ஐந்து இலக்கம்.

சித்திரையில் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டது.
ஒரு சீட்டு அடிக்க நாலு நிமிஷம்.
லாரிகள் புளியமரம் வரை நின்றன.
"ஏனுங் அம்மிணி, தூங்கிட்டீங்களா?"
சங்ககிரி குழந்தைவேலு பாதியை ஹாரனிலேயே கேட்டார்.

அன்றைக்குத்தான் திரையின் மூலையில் அது குதித்தது:
இலவசப் பரிசோதனை.
அழுத்தினேன். பச்சைக் கோடு ஓடியது.
பிறகு சிவப்பில், என் கட்டைவிரல் பருமனுக்கு,
1,384 பிழைகள்.
ரிஜிஸ்ட்ரி என்று ஒன்று இருக்கிறதாம்,
கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் ஒரு பேரேடு.
அதில் குப்பையாம்.
காட்டுவதற்குக் காசில்லை. கூட்டுவதற்கு
ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று ஒன்பது.

டீ விலையை இரண்டு தரம் கேட்கிறவர் பொங்கியண்ணன்.
சிவப்பைப் பார்த்ததும் கார்டை நீட்டிவிட்டார்.
"ஆயிரத்துச் சொச்சமா! கட்டிரு சாமி."

கட்டினேன். பூஜ்யம் என்றது.
எனக்கும் வேகமாகத்தான் தெரிந்தது.
காசு கொடுத்த புதிதில் எல்லாம் வேகம்தான்.
வியாழக்கிழமை மறுபடி 912.

மூன்றாம் தரம் கூட்டியபோது
மேடையிலிருந்து வருகிற வயரின் பெயரையும்
சேர்த்துக் கூட்டிவிட்டது.
வெளியே லாரி நிற்கிறது, உள்ளே இலக்கம் இல்லை.
அரை நாள், பதினோரு சீட்டு, கையால் எழுதினேன்.
கார்பன் கறை சுண்டுவிரலில் ராத்திரி வரை இருந்தது.

எங்கள் பேரேட்டிலும் ஒரு வரி கிடக்கிறது:
முத்தூர் சாமியப்பன், பாக்கி 340.
அவரும் வரவில்லை, காசும் வரவில்லை.
அந்த ஒரு வரியால் பேரேடு கனத்து
நான் தூக்க முடியாமல் போனதில்லை.

இந்தத் தொழிலில் ஏமாற்று எனக்குப் புதுசா?
காலி எடைக்குத் தண்ணி டிரம்மை நிரப்பி வருவார்கள்.
க்ளீனர் பையன் சீட்டுக்கடியில் சுருண்டிருப்பான்.
பின்சக்கரம் ஒரு சாண் மேடைக்கு வெளியே நிற்கும்.
அதனால்தான் காலையில் வந்ததும்
மேடையைப் பெருக்கிவிட்டு
ஒன்றுமே ஏற்றாமல் பார்ப்பேன்.
பூஜ்யம் வந்தால்தான் கேட் திறக்கும்.

இதை அதற்குச் செய்ய
எனக்கு மூணு மாசம் ஆகியிருக்கிறது.

ஆடியில் பொங்கியண்ணன் மகளுக்கு, காலேஜுக்கு,
புது லேப்டாப் வந்தது.
பிளாஸ்டிக் உறைகூட முழுசாகக் கிழிக்கவில்லை.
"கொஞ்சம் குடு கண்ணு, யாழ்விழி."
அதே செயலி. அதே பச்சைக் கோடு.
1,127.

குருவிகூட உட்காராத மேடை.
லோடு லாரி எடை காட்டியது.

தாராபுரத்திலிருந்து ரஃபீக் வந்து பெட்டியைத் திறந்தார்.
ஃபேன் முழுக்கக் கொப்பரைத் தூசி,
எண்ணெய்ப் பிசுக்கோடு, பஞ்சாமிர்தம் மாதிரி.
ஊதினார். பழைய டிஸ்க்கை மாற்றினார்.
இரண்டாயிரத்து இருநூறு, பில்லோடு.
"அப்போ ரிஜிஸ்ட்ரி?" என்றேன்.
"அதுபாட்டுக்குக் கிடக்கட்டுங்க" என்றார்.

எல்லாச் செயலியும் திருடு என்று சொல்ல
எனக்குப் படிப்புப் போதாது.
என் மேடைக்கு வருஷா வருஷம் ஆள் வந்து
எடைக்கல் ஏற்றி, முத்திரை போட்டுப் போகிறார்.
அதற்கு யார் போட்டது என்று மட்டும் தேடினேன்.
கம்பெனியே தனக்குப் போட்டுக்கொண்ட
அஞ்சு நட்சத்திரம் இருந்தது.

அடுத்த சித்திரை, ராத்திரி ரெண்டே காலுக்கு,
யாரையும் கேட்காமல்
பொங்கியண்ணன் கணக்கில் மறுபடி அதே தொகை போனது.
காலையில் செல்லை என் முன்னால் வைத்துவிட்டு
பேசாமல் நின்றார்.
நானும் பேசவில்லை.
பேங்குக்கு எழுதக் காகிதம் எடுத்தேன்.

அதற்குள் ஹாரன். குழந்தைவேலு.
மக்காச்சோளம்.
பின்சக்கரம் ஒரு சாண் வெளியே.

மைக்கை எடுத்து,
"முன்னால வாங்க" என்றேன்.